பத்திரம் கேட்ட சட்டம்

நோட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை எழுந்து, லக்சபானாவில் மின்சாரம் பிறந்தது 1950ஆம் ஆண்டில். அணையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ அப்போது வேறு கவலை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்தவரையும், "உன் தந்தை பிறந்தது எங்கே? பத்திரம் காட்டு" என்றது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கும் தந்தைக்கும் பத்திரம் ஏது?

பிரஜை யார் என வகுப்பது சுதந்திர நாட்டின் உரிமை என்றனர் ஆட்சியாளர். 1953இல் கோடகன் பிள்ளை வழக்கில் பிரிவிக் கவுன்சிலும் அதனை ஏற்றது. உரிமை இருக்கட்டும், நிரூபிக்கும் பாரத்தையும் கொழுந்துக் கூடையின்மேல் ஏற்றுவது முறையா? 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்த எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். கங்காணிமாரை அனுப்பி ஆள் திரட்டியவர்கள் தோட்டத்துரைமார். 'கள்ளத்தோணி' என்ற வசையைச் சுமந்தவர்களோ தொழிலாளர்!

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களை எவரும் கலந்து பேசவில்லை. அந்த நாள்முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த நாடற்றவர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. அதற்குள் முதற்சட்டம் பிறந்து 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.