புதிய நுண்ணுயிரும் அதன் பெயரும்



ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து, "இஃது இதுவரை எவரும் அறியாத புதிய இனம்" என்று ஓர் ஆராய்ச்சியாளர் கூறினால், அதை எவ்வாறு ஏற்பது? மரத்துக்கு இலையும் பூவும் காயும் உண்டு. பறவைக்கு அலகும் சிறகும் உண்டு. பாக்டீரியாவுக்கோ கோல், உருண்டை, சுருள் என்னும் சில வடிவங்களே உள்ளன. உருவத்தை மட்டும் கண்டு அதன் குலத்தை அறிதல் அரிது. இதனை விளங்கிக்கொள்ள, இந்திய நெல் வயல் மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வரலாற்றைக் காண்போம்.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆயினும் பயிர்கள் அதனை நேரே உட்கொள்ள இயலாது. அதைப் பயிருக்கு ஏற்ற பொருளாக மாற்றவல்ல ஒரு மண் பாக்டீரியாவை 1901-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பையரிங்க் விவரித்தார். அவர் கையாண்ட முறை எளியது. சர்க்கரைப் பொருளும் உப்புகளும் உள்ள, ஆனால் நைட்ரஜன் கூட்டுப்பொருள் இல்லாத, ஒரு நீர்மத்தில் சிறிது மண்ணை இட்டார். காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பெறவல்லது அங்கே தழைத்தது, ஏனையவை பின்தங்கின. தழைத்ததற்கு அசட்டோபாக்டர் என்று பெயரிட்டார். ஆனால் அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் அது செழிப்பதில்லை.

1939-ஆம் ஆண்டில் ஸ்டார்க்கி, டே என்னும் இருவர் இந்தியாவின் அமில நெல் மண்ணை ஆராய்ந்து, நைட்ரஜனை ஈர்க்கும் வேறொரு பாக்டீரியாவைக் கண்டனர். அது மெல்ல வளர்ந்தது; இழுத்தால் நீளும் பசை போன்ற கோழையைச் சுரந்தது; அதன் உடலின் இரு முனைகளிலும் கொழுப்புத் துளிகள் காணப்பட்டன. அசட்டோபாக்டர் பிழைக்காத அமிலத்திலும் அது பிழைத்தது. எனினும் செய்யும் தொழில் ஒன்றாகவே இருந்தமையால், அதையும் அசட்டோபாக்டர் என்னும் பேரினத்தில் சேர்த்து, இந்தியாவைக் குறிக்கும் 'இண்டிகம்' என்னும் இனப்பெயரைச் சூட்டினர்.

தொழில் ஒன்றானால் குலமும் ஒன்றாகுமா? வௌவாலும் பறக்கிறது, காகமும் பறக்கிறது. இரண்டையும் ஒரே குலம் என்போமா? 1950-ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் டெர்க்ஸ் இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். முன்னோடியான பையரிங்கின் நினைவாக அதற்குப் பையரிங்கியா என்று பெயரிட்டார். லத்தீன் இலக்கணத்தில் அப்பெயர் பெண்பாலாதலின், 'இண்டிகம்' என்பது 'இண்டிகா' ஆயிற்று.

டெர்க்ஸ் பிரித்தது சரிதானா? விடை பின்னாளில் கிடைத்தது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கார்ல் வோஸ், உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோம் என்னும் உறுப்பிலுள்ள ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு உயிர்களின் உறவை அளக்கலாம் என்று காட்டினார். அம்முறையில் பார்த்தபோது, அசட்டோபாக்டர் ஒரு பெரும்பிரிவிலும் பையரிங்கியா வேறொரு பெரும்பிரிவிலும் அமைந்தன. பயறுச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் இருக்கும் பெரும்பிரிவே பையரிங்கியாவின் பிரிவும் ஆகும்.

இன்று புதிய இனம் என்று நிறுவ விரும்புவோர் பல படிகளைக் கடக்க வேண்டும். முதலில், ஒரே வகை உயிர் மட்டும் உள்ள தூய வளர்ப்பைப் பெறவேண்டும். பின்னர், ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட ரைபோசோம் மரபணுவை அறிந்த இனங்களுடன் ஒப்பிட வேண்டும். ஒப்புமை 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் வேறினம் என்று கொள்வர். அதற்கு மேற்பட்டால், மரபுத்தொகுதி முழுவதையும் ஒப்பிடுவர். அதில் ஒப்புமை 95 அல்லது 96 விழுக்காட்டுக்குக் கீழே இருத்தல் வேண்டும். எந்தச் சர்க்கரையை உண்கிறது, எவ்வளவு வெப்பத்தையும் உப்பையும் அமிலத்தையும் தாங்குகிறது என்பனவற்றையும் சோதிப்பர். இறுதியாக, லத்தீன் முறையில் பெயரிட்டு வெளியிடுவதோடு, மூல வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்கவும் வேண்டும். நம் நாட்டில் சண்டிகரில் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. ஐயுறுவோர் எவரும் அதைப் பெற்றுத் தாமே சோதித்துப் பார்க்கலாம். சான்றை மறைத்து வைக்கும் விஞ்ஞானம் இல்லை அன்றோ?

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நுண்ணுயிர் உரம் என்று ஒரு பொட்டலத்தை வாங்கி அமில மண்ணில் இடும் உழவரை எண்ணிப் பாருங்கள். அதில் இருப்பது அசட்டோபாக்டரானால், அது அங்கே நலிந்து போகும். உழவரின் பணமும் உழைப்பும் வீணாகும். ஓர் உயிரின் சரியான பெயரை அறிந்தால், அது எங்கே வாழும், எங்கே வாழாது என்பதையும் தேடி அறியலாம்.

மாணவர்களே, 1939-இல் பெயரிட்டவர்கள் கண்டவை பொய்யல்ல. கோழையும் கொழுப்புத் துளியும் அமிலம் தாங்கும் ஆற்றலும் இன்றும் அந்த உயிரின் அடையாளங்களே. புதிய சான்று வந்தபோது மாறியது அதன் இடம் மட்டுமே. ஆதலின், நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதைக் கண்டவாறே எழுதி வையுங்கள். உங்கள் முடிவை நாளை ஒருவர் திருத்தக்கூடும். நேர்மையாக எழுதிய குறிப்பு அவருக்கும் பயன்படும்.