வெர்டன் போர்க்களத்திலே



பிரான்சு தேசத்தின் வடகிழக்கிலே வெர்டன் என்னும் நகரம் இருக்கின்றது. 1916ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் திகதி தொடங்கி டிசம்பர் மாதம் வரையில் ஜேர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அதன் குன்றுகளிலே பொருதினர். இரு பக்கத்திலுமாக மூன்று இலட்சம் பேரளவில் மாண்டனர். அக்களத்தை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அங்கே புளூரி என்றொரு கிராமம் இருந்தது. போரிலே 16 தடவை கைமாறியதாகச் சொல்லப்படும் அவ்வூரில் இன்று ஒரு வீடுகூட இல்லை. புல் மூடிய குழிகளுக்கிடையே, இங்கே பாடசாலை இருந்தது, இங்கே பாண் போறணை இருந்தது என்று அடையாளங்கள் மாத்திரம் நிற்கின்றன. இப்படி அழிந்த கிராமங்கள் 9. அவற்றுள் 6 மீண்டும் எழும்பவேயில்லை. ஆனால் பிரெஞ்சு அரசு அவற்றின் பெயர்களை ஏட்டிலிருந்து வெட்டிவிடவில்லை. குடியிருப்பார் ஒருவருமில்லாத அந்த ஊர்களுக்கும் மூவர் கொண்ட சபை நியமிக்கப்படுகின்றது. அதன் தலைவருக்குக் கிராமத் தலைவருக்குரிய அதிகாரம் உண்டு. வாக்காளரே இல்லாத ஊருக்குத் தலைவரா என்று நகைப்பதற்கில்லை. வீடுகள் போனாலும் சட்டத்தின் முன் ஊர் ஓர் ஆளாகவே நிற்கின்றது.

நிலத்தின் கதை வேறு. கமத்துக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட அம்மண்ணில் அரசு காடு வளர்த்தது. நூறாண்டு கழிந்தும் வெடியாத குண்டுகள் வெளிப்படுகின்றன. மண்ணுக்குள் வெடிபொருள் கிடந்தால் கமக்காரன் படும் பாடு என்னவென்று வன்னியிலிருந்து வந்திருப்போருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தூவோமோன் என்னுமிடத்தில் 1932இல் திறக்கப்பட்ட எலும்பு மண்டபம் இருக்கின்றது. அடையாளங் காணமுடியாத ஏறக்குறைய 1,30,000 வீரரின் எலும்புகள் அங்கே கிடக்கின்றன. வெளிப்புறத்துச் சிறு சாளரங்களூடாகக் குனிந்து பார்த்தால் அவை தெரியும். எது பிரெஞ்சுக்காரனுடையது, எது ஜேர்மானியனுடையது என்று எவராலும் பிரிக்க முடியவில்லை.

சட்டம் படித்தவனுக்கு அவ்விடத்திலே ஒரு கேள்வி பிறக்கின்றது. இவ்விரு தேசத்தாரும் உடன்படிக்கை எழுதாதவர்களா? 1871இல் வெர்சேய் மாளிகையின் கண்ணாடி மண்டபத்திலே ஜேர்மன் சாம்ராச்சியம் பிரகடனமாயிற்று. 1919இல் அதே மண்டபத்திலே ஜேர்மனி தலைகுனிந்து கையொப்பமிட்டது. 1918இல் போர்நிறுத்தம் எழுதப்பட்ட புகையிரதப் பெட்டியையே தேடியெடுத்து, 1940இல் ஹிட்லர் பிரான்சைக் கையொப்பமிடச் செய்தான். ஒவ்வொரு முறையும் வென்றவன் எழுதினான். தோற்றவன் தன் முறைக்குக் காத்திருந்தான். அவை சமாதானப் பத்திரங்களல்ல, அடுத்த வழக்குக்கான பிராதுகள்.

வழி மாறியது 1950 மே 9ஆந் திகதி. யோசனையை வகுத்தவர் ஜீன் மொனே. அதைத் தம் தோளில் ஏற்றவர் பிரான்சின் வெளிநாட்டமைச்சர் றொபேட் சூமன். ஜேர்மன் ஆட்சியிலிருந்த மெற்ஸ் நகரிலே வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர், எமது தொழிலினர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை. 1951இல் பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் வேறு நான்கு நாடுகளும் நிலக்கரியையும் உருக்கையும் ஒரே பொது அதிகாரசபையின் கீழ் வைத்தன. பீரங்கி வார்க்கும் பொருளே பொதுவாயிற்று. ஆறே ஆண்டுகளுக்கு முன் தோற்ற நாடு, வென்ற நாட்டுக்குச் சமமாக அச்சபையிலே அமர்ந்தது.

1984 செப்டெம்பர் 22ஆந் திகதி, வெர்டன் அருகே 1940இல் காயமுற்ற மித்தராண்டும், அக்களத்திலே போராடியவரின் மகனான கோலும் அந்த மண்டபத்தின் முன் கைகோத்து நின்றனர். அப்படத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அந்தக் கைகள் இணைந்தது, உடன்படிக்கை எழுதி 33 ஆண்டுகளின் பின்னர்.