பழைய துப்பாக்கி எங்கே போகிறது?

(செப்டம்பர் 15 தியாகிகள் நாளையொட்டி மட்டாஞ்சேரியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



1953ஆம் ஆண்டு இதே நாளில், இதே மட்டாஞ்சேரியில், துறைமுகத் தொழிலாளர்மீது போலீஸ் சுட்டது. அன்று 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. வேலைக்கு ஆள் எடுக்க உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று கூலி உண்டு. கிடைக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த இழிவை ஒழிக்க எழுந்த போராட்டத்தில், சூட்டிலும் அதைத் தொடர்ந்த அடக்குமுறையிலுமாக, சைது, சைதாலவி, ஆன்றணி என்ற மூன்று தோழர்கள் உயிர் கொடுத்தார்கள்.

ரயில்வேக்காரர்களான எங்களுக்கும் இப்படி ஒரு செப்டம்பர் உண்டு. 1946 செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். பிழைப்பு தேடி ஊர்விட்டு வந்த நாம் எந்த ஊர் தியாகியையும் அந்நியராக எண்ண முடியாது.

தியாகிகளைப் பற்றிப் பேசுகிற நாம், அவர்களைக் கொன்ற ஆயுதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம். பட்டாளத்துக்கு வேண்டாமல் போன துப்பாக்கி எங்கே போகிறது?

வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து .303 துப்பாக்கி செய்தார்கள். இரண்டு உலகப் போரிலும் நம் சிப்பாய்கள் தோளில் அது இருந்தது. 1962இல் சீனப் போரிலும் அதைத்தான் கொடுத்து மலையேற்றினார்கள். பிறகு எஸ்.எல்.ஆர். வந்தது; .303 போலீசுக்கும் ஊர்க்காவல் படைக்கும் இறங்கியது. 1990களில் இன்சாஸ் வந்தது, எஸ்.எல்.ஆரும் அதே வழியில் இறங்கியது. உத்தரப் பிரதேசப் போலீஸ் .303க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது ஏழை வீட்டு வழக்கம். அரசாங்க வீட்டிலும் அதுவே வழக்கம். ஆனால் அங்கே இறங்கி வருவது சட்டை அல்ல; அரை மைல் தாண்டியும் ஆளைக் கொல்லும் ஆயுதம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ராணுவம் ஒதுக்கிய எம்-1 கேரண்ட் துப்பாக்கிகளை, அரசுப் பட்டயம் பெற்ற ஒரு நிறுவனம் 1996 முதல் குடிமக்களுக்கு விற்று வருகிறது. இங்கே அது நடவாது. .303, 7.62 ஆகிய ராணுவத் தோட்டாக்கள் நுழையக்கூடிய எந்தத் துப்பாக்கியும் 'தடை செய்யப்பட்ட துளை' என்ற வகையில் சேரும். அதனால்தான் லைசென்சுக்காரர்களுக்கென்று .315 என்ற அளவு வந்தது. இஷாப்பூரில் .303இன் அதே உடலில் துளையை மட்டும் மாற்றி அதைச் செய்தார்கள். ராணுவத் தோட்டா வெளியே போனாலும் சனங்களுக்குப் பயன்படக் கூடாது என்பதே கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது? 1878இல், லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டத்தில். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்சு வேண்டும். வெள்ளைக்காரனுக்கு விலக்கு உண்டு. காந்தியடிகளே அதைக் கண்டித்தார். 1931 கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைக்கும் உரிமையையும் தன் தீர்மானத்தில் சேர்த்தது. சுதந்திரம் வந்தபின் 1959இல் புதுச் சட்டம் வந்தது. நிற வேற்றுமை போயிற்று, லைசென்சு நின்றது. 2019 திருத்தம் ஒருவர் வைக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. குடகில் மட்டும் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் பழைய விலக்கு இன்னும் நீடிக்கிறது.

அப்படியானால் நமக்கும் துப்பாக்கி வேண்டும் என்று கேட்போமா? வேண்டாம், தோழர்களே. குடியிருக்க ஒரு முகவரிச் சான்று வாங்கவே ஆபீஸ் ஆபீசாக அலைகிறவர்கள் நாம். ஆயுத லைசென்சு யார் கைக்குப் போகும்? நிலமும் பணமும் உள்ளவன் கைக்கே போகும். நம் பிள்ளைகள் கைக்கு வருவது கள்ளத் துப்பாக்கிதான். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தப்படி குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் குறைந்தது ஏழு ஆண்டு. "அண்ணே, சும்மா வச்சிருந்து கொடு" என்று எவனாவது ஒரு பொட்டலத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். தாய்மார்கள் இதை வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

நாம் கேட்பது வேறு. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்கு ஓர் உரிமை தருகிறது: அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை. ஆயுதமில்லாமல் வா என்கிறது சட்டம். வருகிறோம். வெறுங்கையோடு வருகிறவன் எதிரே, போர்க்களத்துக்கென்று செய்த துப்பாக்கி எதற்கு?

2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 உயிர்கள் போயின. அங்கே போலீஸ் கையில் எஸ்.எல்.ஆர். இருந்தது. விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீஸ் வரம்பு மீறியது என்று அது சொன்னது. ஆட்சி நம்முடையது என்றாலும் தோட்டாவுக்குக் கட்சி தெரியாது. தொழில் தகராறில் போலீஸ் முதலாளி பக்கம் நிற்காது என்று 1957இல் அறிவித்தது இ.எம்.எஸ். அரசு. அடுத்த ஆண்டே கொல்லம் சந்தனத்தோப்பில் போலீஸ் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, அந்தப் பழைய துப்பாக்கி சனங்களைக் காப்பாற்றவாவது செய்ததா? 2008 நவம்பர் 26 இரவு பம்பாய் சி.எஸ்.டி. ஸ்டேஷனில், லத்தியும் பழைய .303உம் வைத்திருந்த காவலர்கள் தானியங்கித் துப்பாக்கிகளின் எதிரே நின்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூட்டையும் குழந்தையுமாக ஊருக்கு ரயில் ஏறக் காத்திருந்த நம்மைப் போன்றவர்கள் அதில் எத்தனையோ பேர். கொலைகாரனைத் தடுக்க உதவாத துப்பாக்கி, வெறுங்கைத் தொழிலாளியின் நெஞ்சுக்கு மட்டும் குறி தவறவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: பட்டாளமும் போலீசும் ஒதுக்கும் துப்பாக்கிகளை உருக்க வேண்டும், எத்தனை ஒதுக்கினார்கள், எத்தனை உருக்கினார்கள் என்ற கணக்கைச் சனங்கள் முன் வைக்க வேண்டும். இரண்டு: கூட்டத்தைக் கலைக்கும் வேலைக்கு ராணுவத் துப்பாக்கி கூடாது. மூன்று: சூடு நடந்தால் உடனே நீதி விசாரணை வேண்டும், அறிக்கை வந்தால் அதன்மேல் நடவடிக்கை வேண்டும்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேட்டில் கையெழுத்து உண்டு. அந்தத் தோட்டாவில் சாகிற மனிதனுக்கு மட்டும் கணக்குச் சொல்ல ஆளில்லை என்றால், கேட்க வேண்டியது நாம்தான். சாப்பா வில்லையைப் பொறுக்க மறுத்து நிமிர்ந்து நின்ற மூன்று பேர் நமக்குக் கற்றுக் கொடுத்தது அது. வெறுங்கையோடு கூடுவோம், கூடிக் கணக்குக் கேட்போம்.