பிறர் வேண்டுதலும் நம் உள்ளமும்



உயர்தர வகுப்பில் ஒருநாள் திருவாசகம் படிப்பித்து முடித்தபின், மாணவன் ஒருவன் தயங்கியபடி என்னிடம் வந்தான். "சேர், பக்கத்துச் செத்தவீட்டிலை வேதக்காரர் பாடின பாட்டைக் கேட்டு எனக்கு அழுகை வந்திட்டுது. நாங்கள் சைவம். அது பிழையோ?" என்று கேட்டான்.

உடுவிலில் வாழ்வோர்க்கு இக்கேள்வி புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1824 இல் தொடங்கிய மகளிர் பாடசாலை இங்கேதான் இருக்கிறது. சைவப் பெண்பிள்ளைகளுக்கெனச் சேர்.பொன். இராமநாதன் 1913 இல் நிறுவிய கல்லூரியும் அருகே மருதனார்மடத்தில் இருக்கிறது. இரு சமயங்களும் அயலவராக வாழும் ஊர் இது.

மாணவனுக்கு விடைதேடியபோது இருவர் என் நினைவுக்கு வந்தனர்.

ஒருவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர் இளமையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்கும் பணியில் உழைத்தார். அதனால் அவரது சைவப்பற்றுக் குன்றவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854 இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலே, சிவாலயக் கிரியைகளைப் பழித்தோருக்குப் பைபிள் கூறும் யூதர் ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டி மறுமொழி கூறினார். பிறர் நூலை ஊன்றிக் கற்றவரின் மறுமொழி அது.

மற்றவர் ஜீ.யு. போப். 1900 இல், தமது எண்பதாவது வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மணிவாசகரிடத்திலே புனித பவுலின் இயல்பையும் அசிசி நகர்ப் பிரான்சிஸின் இயல்பையும் ஒருங்கே கண்டார். ஆயினும், 1908 இல் மறையும்வரை கிறித்தவக் குருவாகவே வாழ்ந்தார்.

நாவலர் கற்றது வாதத்துக்கு உதவிற்று. போப் கற்றது அன்பாய்க் கனிந்தது. இருவரும் சமயம் மாறவில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லி வேற்றுமைகளை மூடிவிடவும் இல்லை.

இலக்கியம் நம்மிடம் கேட்பது சமய உடன்பாட்டை அன்று. இன்னொருவர் தம் இறைவன்முன் நின்று தவிக்கும் தவிப்பைச் சற்றுநேரம் நம்முடையதாக உணரும்படியே அது கேட்கிறது. கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அதன்பின் வருவன. அந்தத் தவிப்பை உணராமல் ஏற்பவரும் மறுப்பவரும் சொற்களோடு மட்டுமே பழகியவராவர்.

ஆகவே அந்த மாணவனிடம் சொன்னேன்: "பிழையில்லைத் தம்பி. பிறத்தியாற்றை வேண்டுதலுக்கு இளகின மனம் கெட்டுப்போகாது. வீட்டை போய்த் திருவாசகத்தை இன்னொருக்கால் வாசி. இண்டைக்குப் படிச்சதிலும் கூட விளங்கும்."