சிட்டை எழுதினவர் என்ன கேட்டவர்?

நான் சிட்னியில் ஒரு பார்மசியில் மருந்தாளர். மருத்துவக் கஞ்சா எழுதித் தருகிற தனியார் கிளினிக்குகளுக்கு என்ன பொறுப்பு என்பதைப் பற்றி இன்றைக்குக் கதைப்பம்.

2016இல் அவுஸ்திரேலியச் சட்டம் மருத்துவக் கஞ்சாவுக்கு வழிவிட்டது. ஆனால் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.ஏ. அமைப்பின் பதிவு பெற்ற கஞ்சா மருந்துகள் இரண்டே இரண்டுதான்: கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் தசை இறுக்கத்துக்கு சாட்டிவெக்ஸ். மற்ற எண்ணெய், பூ எல்லாம் அப்படிச் சோதித்துப் பதியாதவை. அப்படியென்றால் நன்மை தீமையை நிறுத்துப் பார்க்க வேண்டியவர் யார்? மருந்துச் சிட்டை எழுதுகிறவர்தானே!

ஒரு ஐயா வந்தார். தொலைபேசியில் கதைத்து வாங்கின, சி.பி.டி. என்ற கஞ்சா எண்ணெய்ச் சிட்டை கையில். அவர் இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் குளிசை எடுக்கிறவர் என்று எங்கள் பதிவில் கிடக்கு.

"ஐயா, வேறை என்ன குளிசை எடுக்கிறீங்கள் எண்டு கேட்டவையோ?"

"எங்க நோகுது எண்டு கேட்டவை பிள்ளை. பிறகு கார்ட் நம்பர் கேட்டவை."

சி.பி.டி. வார்பரினின் வேகத்தைக் கூட்டலாம். உள்ளே இரத்தம் கசியலாம். எண்ணெயைக் கொடுக்காமல் குடும்ப வைத்தியருக்கு அழைத்தேன். அவருக்கு இந்தச் சிட்டை பற்றி ஒன்றுமே தெரியாது.

எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே கேள்வி கேட்பதுதான், நேயர்களே. இருதய வருத்தம் இருக்கோ? குடும்பத்தில் யாருக்கும் மனநோய் வந்ததோ? கார் ஓடுறனீங்களோ? கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் சிரிப்பினம். சிரிக்காதேங்கோ! நியூ சவுத் வேல்ஸில் கார் ஓடுகிறவரின் உமிழ்நீரில் கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. இருந்தால், சிட்டை இருந்தாலும் வழக்குத்தான்.

2025 ஜூலையில் சுகாதாரத் தொழிலாளரைக் கண்காணிக்கும் ஆப்ரா அமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. ஒருவர் ஆறு மாதத்தில் 17,000 கஞ்சாச் சிட்டைகளுக்கு மேல் எழுதியிருந்தாராம். வேலை நாளுக்கு நூறைத் தாண்டுகிறது. இந்த வேகத்தில் யார், யாரிடம், எதைக் கேட்கிறது?

நேரம் முடியப்போகுது. கஞ்சாவால் நிவாரணம் கண்டவர்களும் என் கவுண்டருக்கு வருகிறார்கள். அவர்களைப் பயமுறுத்த வரவில்லை. கிளினிக் உங்கள் குளிசைப் பட்டியலைக் கேட்கட்டும், குடும்ப வைத்தியருக்குக் கடிதம் எழுதட்டும், பலன் இல்லையென்றால் நிறுத்தவும் தெரிந்திருக்கட்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கோ. அடுத்த ஐயா வரும்போது அவருடைய வைத்தியருக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.