கண்டி அரசியரின் ஆடை வண்ணங்கள்



பல்லேகலை என்றதும், 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானமே இன்று பலருக்கு நினைவில் எழும். ஆயின், அதன் அயலூராகிய குண்டசாலை ஒரு காலத்தில் அரசன் உறைந்த ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், மகாவலிக் கரையில் மாளிகை அமைத்து அங்கே வாழ்ந்தான். அவன் மதுரையிலிருந்து வந்த பெண்ணை மணந்தான். அவளுடைய உடன்பிறந்தானே பின்னர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என முடிசூடினான்.

கண்டி அரசியர் விழா நாட்களில் எவ்வண்ண ஆடை உடுத்தனர்? துணி நெடுங்காலம் நில்லாது; சுவர் நிற்கும். எனவே, அருகிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரைக்குச் செல்வோம். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்து ஓவியங்கள் அங்கே உள்ளன. வெசந்தர ஜாதகக் கதையின் மாந்தருக்கு ஓவியர் தம் காலத்து உடையையே அணிவித்தனர். செந்நிறப் பின்புலத்தில் வெண்மையும் மஞ்சளும் சிவப்பும் ஒளிர்கின்றன. நீலம் மிக அருகியே தோன்றும்.

அப்படியானால் அக்காலப் பெண்டிர் நீலத்தை ஒதுக்கினரோ? இல்லை. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் பெண்டிரின் உடையை விவரிக்கிறார். மெல்லிய வெண்பருத்திச் சட்டையில் நீல நூலாலும் சிவப்பு நூலாலும் பூவும் கொடியும் இழைத்து, வெளியே செல்லும்போது அணிவார்களாம். ஓவியனின் வண்ணக் கிண்ணம் வேறு. சாயக்காரனின் தாழி வேறு என்பது இதனாற் புலனாகும்.

நீலம் தந்தது அவுரி. சிவப்புக்குத் தும்பறைப் பாய் முடைவோர் பதங்கக் கட்டையை நாடினர்; துணிக்கு உகந்த சாயவேரோ மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது. அவ்வேரை ஒல்லாந்தர் தம் தனியுரிமை ஆக்கினர். 1766 உடன்படிக்கையால் கடற்கரை முழுவதும் அவர்கள் வசமாயிற்று. மலைநாட்டு அரசிக்குக் கடல்வழி வரவேண்டிய துணிக்கும் சாயத்துக்கும் அந்நியனே வாயில்காவலன் ஆனான். வண்ணத்திலும் அரசியல் கலந்திருந்தது.

1815இல் கடைசி மன்னனும் அரசி வேங்கட ரங்கம்மாளும் சிறைப்பட்டனர். மறு ஆண்டு வேலூருக்கு அனுப்பப்பட்டனர். அரசியர் வாழ்ந்த பல்லே வாசல் இன்று கண்டி அருங்காட்சியகம். அங்கே செல்லும்போது, மதுரை மணமகளையும் மன்னார் வேரையும் மலைநாட்டுக் கைவினைஞனையும் ஒருங்கே நினையுங்கள். அம்மூவரும் கூடி நெய்த அழகு, இரு மொழியாருக்கும் பொதுவான செல்வம் அன்றோ?