வகுப்புக்கு நடுவே ஒரு குதியாட்டம்

கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சென்னை ராயபுரத்தில் பிள்ளைகள் ஓடியாட எவ்வளவு இடம் மிச்சம்? வகுப்பிலும் கைகட்டி உட்காரச் சொன்னால், கவனம் சிதறும் பிள்ளை நெளியத்தான் செய்யும். அதைச் சேட்டை என்று அடக்கிவிடுகிறோம்.

2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைக் கேளுங்கள். 8 முதல் 10 வயது வரையிலான 40 பிள்ளைகள். அவர்களில் பாதிப்பேருக்கு ஏ.டி.ஹெச்.டி. எனும் கவனக்குறைபாடு. ஒருநாள் 20 நிமிடம் உட்கார்ந்து படித்தார்கள்; இன்னொரு நாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சி செய்த நாளில்தான் வாசிப்பும் கணக்கும் மேம்பட்டன. குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கும் அப்படியே! கனடாவில் நடந்த மற்றோர் ஆய்விலோ, வெறும் 4 நிமிடத் துள்ளலுக்குப் பிறகே வகுப்பில் கவனச்சிதறல் குறைந்தது.

நம் ஊருக்கும் உடலசைவோடு படிப்பது அந்நியமல்ல. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துச் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்களே எழுந்துபோய்ப் பாட அட்டையை எடுத்துவந்து, பாயில் அமர்ந்து, தாழ்வான கரும்பலகையில் எழுதினார்கள். எழுந்து நடப்பதே பாடத்தின் பகுதியானது. எனக்கு மிகப் பிடித்த மாற்றம் அது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது.

கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் சொன்ன சிகிச்சைக்கு இந்த உடலசைவு மாற்றல்ல. ஆனால் ஆசிரியர்களே, இன்று கணக்குப் பாடத்துக்கு முன்னால் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாரும் குதிக்கட்டும். குதிப்புக்கு ஒன்றாக ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டும். நெளிகிற அந்தப் பிள்ளையையே முன்னால் நிறுத்தி நடத்தச் சொல்லுங்கள்.